அயர்லாந்து ஆன்ட்டியின் நாற்காலி

அயர்லாந்து ஆன்ட்டி கள்ள ஓட்டுப் போட்டார் என்று ஊரை நம்பவைத்தவன் நான். அவர் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் எடிசன் நகரில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. அயர்லாந்து ஆன்ட்டி என்றால்தான் தெரியும். குழந்தைகள் வைத்த பெயர். பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து அயர்லாந்துக்குப் போய், ஒரு சிற்றூர் மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்து, பிறகு கணவரின் வேலை மாற்றத்தால் நியூஜெர்சிக்கு வந்தவர்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு கோடைகாலப் பிக்னிக்கில். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் பூங்காவில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். நானும் ஒரு நண்பரும் ஒரு பக்கம். எதிரே இரண்டு இளைஞர்கள், படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இந்த அம்மாள் சுற்றிப் போய் அவர்கள் பின்னால் நின்றுகொண்டார். அவர்களுக்குக் கைதட்டினார். எந்தக் காயை அடிக்கலாம் என்று யோசனை சொன்னார். எல்லாம் தப்பான யோசனை. ஆனாலும் ஏதோ ஒரு கட்டத்தில் ஆட்டம் திரும்பியது. நாங்கள் தோற்க ஆரம்பித்தோம். அவர் மெதுவாக நடந்து எங்கள் பக்கம் வந்தார்.

"என்னம்மா, கட்சி மாறிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் மாறலண்ணே. நீங்கதான் மாறிட்டிய."

அவரைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். தோற்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கே அவர் இருப்பார். அதை ஒரு கொள்கையாக அவர் வைத்திருந்த மாதிரித் தெரியவில்லை. சிலருக்குக் கூட்டத்தில் சாப்பாடு இருக்கும் திசைக்குத் தன்னால் கால் போகுமே, அந்த மாதிரி.

சனிக்கிழமைகளில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குச் சாப்பிடப் போனால் எல்லோரும் கூட்டம் நிற்கும் ஓட்டலைத் தேடிப் போவோம். அவர் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, யாருமே இல்லாத ஓட்டலாகக் கண்டுபிடிப்பார். "பாவம்ணே, சட்டினி எல்லாம் அரைச்சு வச்சுட்டு உக்காந்திருக்காங்க" என்று எங்களையும் இழுத்துக்கொண்டு போவார். அங்கே தோசை ரப்பர் மாதிரி இருக்கும். இருந்தும் இன்னொரு தோசை கொண்டுவரச் சொல்லுவார். அவருடைய கணவர் அமைதியான மனிதர், ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் மட்டும் வாயைத் திறப்பார்.

"அண்ணே, இவள பொண்ணு பாக்க நெறைய பேரு வந்தாங்க. டாக்டரு வந்தான், வக்கீலு வந்தான். அதுக்கு முன்னாடி என்னைய நாலு வீட்டுல வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. அது எப்படியோ இவ காதுக்குப் போயிருச்சு. அன்னிக்கே என் கல்யாணம் முடிவாயிருச்சு."

"சும்மா இருங்க. ஒங்களுக்கு அப்ப முடி இருந்துச்சு, அதான்" என்பார் ஆன்ட்டி.

அவர் ஓயாமல் பேசும் விஷயம் ஒன்று உண்டு. அயர்லாந்துத் தொலைக்காட்சியில் சில ஆண்டுகள் நடந்த ஒரு பாட்டுப் போட்டி. நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. இருந்தும் அதன் சரித்திரம் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி.

ஊர் ஊராகப் போய்ப் பாடகர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வாரம் ஒருவர் வெளியேற, கடைசியில் மிஞ்சுபவருக்கு வெற்றி. மக்கள் போனில் ஓட்டுப் போட வேண்டும். தொடக்கத்தில் ஜெயித்தவரை ஐரோப்பிய நாடுகள் எல்லாம் கலந்துகொள்ளும் பெரிய பாட்டுப் போட்டிக்கு அயர்லாந்தின் சார்பாக அனுப்பினார்கள். அந்தப் போட்டியில் ஒரு காலத்தில் அந்தச் சின்ன நாடு திரும்பத் திரும்ப ஜெயித்திருக்கிறது. ஆனால் டிவியில் ஓட்டு வாங்கிப் போனவர்களால் அங்கே ஜெயிக்க முடியவில்லை. ஒரு வருடம் மிகவும் மோசமாகப் போக, அப்படி அனுப்பும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள்.

"ஜெயிச்சவங்களையும் கூட்டிட்டுப் போயித் தோக்க வச்சுக் கூட்டியாந்த போட்டிண்ணே அது. எனக்குப் பிடிக்காம இருக்குமா?" என்பார்.

மக்கள் பாட்டைக் கேட்டு ஓட்டுப் போட்டார்களா, ஊரைப் பார்த்து ஓட்டுப் போட்டார்களா என்று அங்கே பெரிய சர்ச்சையாம். தன் மாவட்டத்துப் பையன் மேடை ஏறினால் மாவட்டமே போனைக் கையில் எடுத்துவிடும். நல்ல பாடகர், சின்ன மாவட்டம் என்றால் அவர் கதி அதோ கதி. இதை விவரிக்கும்போது அவர் குரலில் குறையே இருக்காது. "அப்படியே நம்ம ஊரு எலக்சன் மாதிரியே இருக்கும்ணே. எனக்கு வீட்டு ஞாபகமே வராது."

பிறகு நடிகர்கள், விளையாட்டு வீரர்கள் போன்ற பிரபலங்களைப் பாட வைத்து நன்கொடை திரட்டும் ஒரு நிகழ்ச்சியாகவும் அதை நடத்தினார்களாம். இவர் அதைப் பார்க்கவில்லை. "ஏற்கெனவே ஜெயிச்சவங்க விளையாட்டுக்குத் தோக்குதாங்க. அதுல என்ன இருக்கு?" என்றார்.

வென்றவர்களின் பெயர் அவருக்குச் சரியாக நினைவு இருக்காது. வெளியேறியவர்கள் ஒவ்வொருவரும் நினைவில் இருப்பார்கள். யார் அழுதார், யார் சிரித்துக்கொண்டே போனார், யார் தன் அப்பாவைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்தார் என்று சொல்லுவார். அவருடைய ஊர்ப் பெண் ஒருத்தியும் அதில் பாடியிருக்கிறாள். மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் ஊழியரின் மகள். ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் அவள் படம் ஒட்டியிருந்தார்களாம். வார்டில் கிடந்த கிழவர்களும் கிழவிகளும் ஓட்டுப் போட ஆசைப்பட்டார்கள். விரல் நடுங்கும் என்பதால் இவர் எண்களை அழுத்தி போனை அவர்கள் காதில் வைத்துப் பிடிப்பார்.

அந்தப் பெண் தோற்றுவிட்டாள். மறுநாள் அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை. கடைகளில் படங்களைக் கிழித்துவிட்டிருந்தார்கள். பாதிப் படம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோவம் இல்லண்ணே அவங்களுக்கு. வெக்கம். என்ன பேசுறதுன்னு தெரியாம ஒரு ஊரே கதவைச் சாத்திட்டு உள்ள இருந்துச்சு. நான் டூட்டிக்குப் போயிட்டிருந்தேன். அவ பெட்டியோட நிக்கா. எதுத்த கடையில வினிகர் தெளிச்ச உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்கிட்டு வந்து, பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்து ரெண்டு பேரும் தின்னோம்."

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. வினிகர் கூடப்போச்சுன்னா. ஆமான்னேன். அவ்வளவுதான்."

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பாட்டுப் போட்டி இந்தக் கதைகளிலிருந்துதான் பிறந்தது. உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் வார இறுதியில் தமிழுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தேன். டாக்டர் பட்டம் இருந்ததால் என்னைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். அயர்லாந்துப் போட்டியை அப்படியே எடுத்துக்கொண்டோம். வாரம் ஒருவர் வெளியேற்றம், மக்கள் ஓட்டு. பெரிய தொலைபேசி வசதி எல்லாம் எங்களுக்கு ஏது? ஒரு எண், அதற்கு ஒரு வாய்ஸ்மெயில். பீப் சத்தம் கேட்டதும் உங்கள் பெயரைச் சொல்லி, யாருக்கு ஓட்டு என்று சொல்ல வேண்டும். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. அதைக் கேட்டு எண்ணும் பொறுப்பு எனக்கு. என் நேர்மையில் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

ஆன்ட்டி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. உயர்நிலைப் பள்ளியின் அரங்கத்தை வாடகைக்கு எடுத்து ஒளிப்பதிவு செய்வோம். மேடைக்குப் பின்னால், படி இறங்கும் இடத்தில், ஒரு நாற்காலி போட அனுமதி கேட்டார். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு பிளாஸ்க். வெளியேறுகிறவர் மேடையில் சிரித்து, நன்றி சொல்லி, கையாட்டிவிட்டுப் படி இறங்கும்போது அந்த நாற்காலி காத்திருக்கும். இவர் கையில் டீ இருக்கும். அங்கே என்ன பேசுவார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே உட்கார்ந்து எழுந்தவர்கள் அடுத்த வாரமும் அரங்கத்துக்கு வந்தார்கள், மற்றவர்களுக்குக் கைதட்ட. பள்ளிக் குழந்தைகள், "ஆன்ட்டி, கேன் ஐ சிட் ஆன் த லூசர் சேர்?" என்று கேட்பார்கள். "போங்கடா, தோத்துட்டு வாங்க" என்று விரட்டுவார்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுதா அந்த வருடம்தான் கல்யாணத்தை முறித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் புத்தி சொன்னார்கள். சிலர் வக்கீல் பெயர் சொன்னார்கள், சிலர் கோவில் பெயர். அவள் மாடியிலிருந்து இறங்குவதையே நிறுத்திவிட்டாள். ஆன்ட்டி வந்தார். ஒரு புத்தியும் சொல்லவில்லை. மாடிக்குப் போய் அவளுடைய கட்டிலில் உட்கார்ந்து, லேப்டாப்பில் பழைய அயர்லாந்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஒருநாள் மாடியிலிருந்து சுதாவின் குரல் கேட்டது. பாடிக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் பிறகு அவள் பாடி நாங்கள் கேட்டதில்லை. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

போட்டியில் அவளைச் சேர்த்துவிட்டதும் ஆன்ட்டிதான். "தோத்தா நாற்காலி இருக்கு. ஜெயிச்சா கப்பு. ரெண்டுல ஒண்ணு கிடைக்கும், வா" என்றாராம்.

சுதா தோற்கவில்லை. வாரா வாரம் தங்கினாள். இறுதிச் சுற்றுக்கு வந்தாள். எதிரே சேலத்துப் பெண் ஒருத்தி. கணவனின் விசாவில் வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டிலேயே இருந்தவள். நன்றாகப் பாடுவாள். சுதாவைவிட நன்றாகப் பாடுவாள் என்று இன்று சொல்ல முடிகிறது.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய வாரம் ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் கோடைகாலம் முழுக்க இந்தியாவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் நிறைந்திருப்பார்கள். பிள்ளைகள் ரயில் ஏறி மன்ஹாட்டனுக்குப் போய்விடுவார்கள். இவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, சொந்த போனும் கிடையாது. லீவு நாட்களில் ஆன்ட்டி தன் வேனில் அவர்களை அள்ளிக்கொண்டு கோவில், சர்ச், பூங்கா, கடை என்று சுற்றிக் காட்டுவார்.

"அண்ணே, பெரியவங்க எல்லாம் எங்களுக்கு ஓட்டு இல்லையான்னு கேக்காங்க. டிவியில பாத்துட்டுத்தான் இருக்காங்க. என் போன்லருந்து போடட்டுமா? அவங்களே பேசுவாங்க."

"தாராளமா போடட்டும்மா" என்றேன். இதை நான் சொன்னேன் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஓட்டுகளை என் வீட்டு அலுவலக அறையில் உட்கார்ந்து கேட்டேன். அவருடைய எண்ணிலிருந்து வந்த குரல்கள் இன்றும் என் காதில் இருக்கின்றன. ஓர் அம்மாள் அமெரிக்காவுக்கே கேட்கட்டும் என்று கத்தினார்: "நான் கும்பகோணம்! அந்த மஞ்சப் புடவை கட்டின பொண்ணு!" ஒருவர் தன் வேலை, ஓய்வு பெற்ற வருடம், பேரன் படிக்கும் பள்ளி எல்லாம் சொல்லிவிட்டு, யாருக்கு ஓட்டு என்பதை மறந்து போனை வைத்துவிட்டார். திரும்ப அழைத்து, "மன்னிக்கணும், சேலம்" என்றார். இன்னொருவர், "எல்லாரும் நல்லாத்தான் பாடுதுங்க, எல்லாருக்கும் போடும்மா" என்றார். பின்னால் ஆன்ட்டியின் குரல்: "ஐயா, ஒருத்தரத்தான் சொல்லணும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க." ஒரு பாட்டியம்மாள் மெல்லச் சொன்னார்: "டாக்டர் பொண்ணுக்குப் போடுங்கோ. பாவம், அது கஷ்டப்பட்டுடுத்து."

சுதாவுக்கும் அதில் ஓட்டு இருந்தது. ஆனால் சேலத்துப் பெண்ணுக்கு அதிகம். அந்தக் குரல்களைச் சேர்த்தால் சேலத்துப் பெண் ஜெயித்தாள். அவற்றை விட்டுவிட்டால் சுதா.

மாடியில் சுதா பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நான் அந்தக் குரல்களை அழித்தேன். ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடிந்தது. பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

கமிட்டியிடம், ஒரே எண்ணிலிருந்து ஏகப்பட்ட கள்ள ஓட்டு, எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன் என்றேன். யாருடைய எண் என்று கேட்டார்கள். சொன்னேன். "அந்தம்மாவா?" என்று ஒருவர் வியந்தார். "அயர்லாந்துல இதே பழக்கம் போலிருக்கு" என்று இன்னொருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேடையில் மைக்கைப் பிடித்து, பெயர் சொல்லாமல், "ஒருவர் தம்முடைய போனிலிருந்து பலமுறை ஓட்டளித்து இந்தப் போட்டியின் தூய்மையைக் கெடுக்க முயன்றார்" என்று அறிவித்தேன். பெயர் தேவைப்படவில்லை. போனும் கையுமாக வேனில் சுற்றியவர் ஊரில் ஒருவர்தான். சுதா கோப்பையை வாங்கினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாள் பார்த்ததில்லை. சேலத்துப் பெண் கையாட்டிவிட்டுப் படி இறங்கினாள். திரையின் இடைவெளியில் பார்த்தேன். ஆன்ட்டி ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று என் மனம் வாதத்தை அடுக்கிக்கொண்டது. என் மனைவி கொடுத்த காபியை முழுவதும் குடித்தார். அவள் உள்ளே போனதும் கேட்டார்.

"அண்ணே, அந்த மெசேஜ் எல்லாம் கேட்டியளா?"

"கேட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மாடியில் சுதா யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் சற்று நேரம் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிண்ணே. போயிட்டு வாரேன்."

அவ்வளவுதான். நான் அனுமதி கொடுத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே ஒவ்வொரு வீடாக, இனிமேல் எங்கள் அப்பா அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம் ஆன்ட்டி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கோடையைக் கழித்தார்கள். அடுத்த வருடப் போட்டியில் மேடைக்குப் பின்னால் நாற்காலி இல்லை. அதற்கடுத்த வருடம் அவரும் கணவரும் டெக்சஸுக்குக் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன். யாரும் வழியனுப்பு விருந்து கொடுக்கவில்லை. எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வாய்ஸ்மெயிலில் யாராவது மெதுவாகப் பேசினால் எனக்கு அந்தப் பாட்டியம்மாள் நினைவுக்கு வருவார். மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லும் முன் அவள் இறந்துவிட்டாள்.

சென்ற ஆண்டு சங்கத்தில், போட்டி பிறந்த கதையைப் பேச என்னை அழைத்தார்கள். பழைய போட்டியாளர்கள் எல்லோரும் வருவதாகவும் நேரலையில் ஒளிபரப்புவதாகவும் சொன்னார்கள். உரையைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். ஆன்ட்டியைச் சொல்லாமல் முதல் வாக்கியத்தைக்கூட எழுத முடியவில்லை. அவரைச் சொன்னால் அடுத்த வாக்கியம் என்ன என்று தெரிந்தது.

முதலில் சுதாவிடம் சொன்னேன். இப்போது அவளுக்கு இன்னொரு கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பக்கத்திலேயே ஐசலினில் இருக்கிறாள். வார இறுதியில் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தக் கோப்பை அவளுடைய பியானோவின் மேல் இருந்தது.

"எனக்காகப் பண்ணேன்னு சொல்லாதீங்கப்பா. ப்ளீஸ்" என்றாள். அதற்குப் பிறகு சில வாரம் என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவளே கூப்பிட்டாள்.

"நான் செகண்ட் வந்திருப்பேன், இல்ல?"

"ஆமாம்மா. கொஞ்சம்தான் வித்தியாசம்."

"செகண்ட் எனக்குப் போதும்ப்பா அன்னிக்கு. ஐ வுட் ஹேவ் பீன் ஃபைன். நாற்காலி இருந்துச்சே. என்னை அதுல உக்கார விடாம பண்ணிட்டீங்க."

சேலத்துப் பெண்ணைத் தேடிப் பிடித்தாள். அவள் கலிபோர்னியாவில், பே ஏரியாவில், சொந்தமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். கோப்பையைச் சுதா பார்சலில் அனுப்பினாள். நான் போனில் மன்னிப்புக் கேட்டேன். "அங்கிள், அன்னைக்கு ஊருக்கு போன் பண்ணி எங்கம்மாகிட்ட ஜெயிச்சிட்டேன்னு பொய் சொன்னேன். இனி அது பொய் இல்ல" என்றாள். சிரித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆன்ட்டியின் எண்ணை அவளிடமே வாங்கினேன். அவர்கள் இருவரும் இத்தனை வருடமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. வாய்ஸ்மெயில். பீப் ஒலித்தது. என் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. வைத்துவிட்டேன். அவரும் திரும்ப அழைக்கவில்லை.

விழா அன்று பகலில் அதே பள்ளி அரங்கம். மேடை ஏறி, இங்கே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். நான் அனுமதி கொடுத்தது, குரல்களைக் கேட்டது, அழித்தது, ஆன்ட்டி மீது பழி போட்டது. கும்பகோணத்து அம்மாளைப் பற்றிச் சொன்னபோது ஒரே ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். இறங்கியபோது கைதட்டல் இல்லை. பழைய கமிட்டி நண்பர் என் தோளைத் தொட்டு, "இதை இப்ப சொல்லணுமா டாக்டர், நல்ல நாள் அதுவுமா?" என்றார்.

சாப்பாடு பள்ளியின் கேன்டீனில். பேப்பர் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்தேன். நீள மேசை. தட்டோடு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் யாரையோ தேடுவதுபோல வேறு பக்கம் போனார்கள். கோபம் என்று சொல்ல முடியாது. என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கிழிந்த படங்கள் ஒட்டிய கடைத்தெரு நினைவுக்கு வந்தது, நான் பார்த்தே இராத கடைத்தெரு.

போன் அடித்தது. டெக்சஸ் எண்.

"அண்ணே, எங்க இருக்கிய?"

அந்தக் குரல் மாறவே இல்லை. "சாப்பிடற எடத்துல இருக்கேம்மா."

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல."

"நெனச்சேன். லைவ்ல பாத்துட்டுத்தான் இருந்தோம். நீங்க எறங்கும்போது படிக்கட்டுகிட்ட ஒரு நாற்காலி இருக்கான்னு பாத்தேன். ஒருத்தனும் போடல."

"அம்மா, நான் உங்களுக்குப் பண்ணது..."

"அத அப்புறம் பேசுவோம். அதுக்கு நெறைய இருக்கு. தட்டுல என்ன?"

"சாம்பார் சாதம். உருளைக்கிழங்கு. பாயசம்."

"சாப்பிடுங்க. போன வச்சிராதிய. நான் இருக்கேன்."

ஒரு வாய் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கில் உப்பு அதிகம் என்றேன். "சங்கத்துச் சாப்பாடு மாறவே இல்ல" என்றார். பின்னாலிருந்து அவர் கணவரின் குரல், "பாயசம் எனக்கும் சேத்து ஒரு கப்பு!" என்றது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல? சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாம் சரியாயிருக்குமே."

"மேல ஒங்க மக சிரிச்சிட்டு இருந்தா. கீழ நீங்க மூஞ்சி செத்துப்போயி நிக்கிய. அந்த வீட்டுல யாரு பக்கம் நிக்கணும்னு எனக்குத் தெரியாதாண்ணே?"

சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. இங்க வந்து ரெண்டு வருசம் நான் ஒரு பாட்டுப் போட்டிகூடப் பாக்கல. ஒங்க மெசேஜ் வந்தப்பவும் இருந்துச்சு, அதான் கூப்பிடல. இன்னிக்கு நீங்க தட்ட எடுத்துட்டுத் தனியாப் போறத ஓரமா கேமராவுல காட்டுனான். சரி, தோத்துட்டாருன்னு போன எடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. துடைத்துக்கொள்ள முடியாமல் கையில் சாதம் இருந்தது.

அப்போது எதிரே ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. சுதா. அவளோடு அவள் மகளும். "யாருப்பா போன்ல?" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் தள்ளினேன்.

"ஆன்ட்டி?" என்றாள் சுதா.

"யாருடி அது, ரெண்டாவது வந்தவளா?" என்றது போன்.

சுதா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தயங்கி, தன் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

பாயசம் ஆறிப்போயிருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.